பேருருவர்களின் ஏணி

தொன்மங்களில் வரும் பேருருவங்களுக்குத் திட்டமான அளவு கிடையாது. வடபுலத்துப் புராணத்தில் இடிக்கடவுளான தோர் தன் துணைவருடன் ஓரிரவு தங்கிய விசித்திரமான மண்டபம், விடிந்து பார்த்தால், ஸ்க்ரீமிர் என்னும் பேருருவனின் கையுறை. அதே புராணத்தில் ஸ்காடி என்ற பேருருவப் பெண் ஒரு கடவுளை மணக்கிறாள். அங்கே உயர வேறுபாடு பற்றிய பேச்சே இல்லை. கும்பகருணனை எழுப்ப யானைகளை அவன் மேல் ஓட்டினார்கள் என்கிறது இராமாயணம். அவனோ எழுந்து நடந்து, அண்ணனின் அவைக்குச் சென்று, நியாயம் பேசுகிறான். கதைக்குத் தேவையான இடத்தில் வளர்ந்தும், தேவையற்ற இடத்தில் சுருங்கியும் கொள்வது பேருருவத்தின் இயல்பு.

விளையாட்டுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. பகடை உருட்டப்பட வேண்டுமென்றால் எண் வேண்டும். எத்தனை அடி உயரம், எத்தனை அடி தாங்குவான், அவன் கதாயுதம் பட்டால் எவ்வளவு சேதம் என்று யாராவது எழுதி வைத்தாக வேண்டும். அப்படி எழுதி வைக்கப்பட்ட எண்கள் அரை நூற்றாண்டில் ஒரு கற்பனைச் சமூகமாக மாறிய வரலாறு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் இருக்கிறது. இலக்கிய வாசகர்கள் பொதுவாக எட்டிப் பார்க்காத மூலை அது. ஆனால் தொன்மம் அட்டவணையாகி, அட்டவணை மீண்டும் தொன்மமாகும் விந்தையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு.

விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். சிலர் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் உலகத்தை விவரிக்கும் நடத்துநர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். செய்கை பலித்ததா என்பதைப் பகடையும் விதிநூலும் தீர்மானிக்கின்றன. பாத்திரங்கள் அனுபவம் பெற்றுப் படிப்படியாக வலிமை கூடுவார்கள். எதிரிகளும் அதற்கேற்பப் படிப்படியாக வலியவர்களாக வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். பேருருவர்களின் கதை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

சொல் பற்றியும் ஒரு குறிப்பு. தமிழில் இவ்வுருவங்களை நாம் வழக்கமாக 'அரக்கர்', 'ராட்சதர்' என்போம். ஆனால் இவ்விளையாட்டில் 'ராட்சச' என்ற பெயரிலேயே தனியாக ஓர் இனம் 1975 முதல் இருக்கிறது. புலித்தலையும் மனித உடலும் கொண்டு, சொகுசாக அமர்ந்து புகைக்குழாய் பிடிக்கும் மாயாவி அவன். விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் அவ்வுருவை நம் காவியங்களிலிருந்து நேராக எடுக்கவில்லை; 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் 1974ஆம் ஆண்டு அத்தியாயம் ஒன்றே அவருக்குத் தூண்டுதல். இலங்கை வேந்தனின் குலம் புலித்தலையுடன் வேறு வரிசையில் நிற்பதால், இங்கே 'பேருருவர்' என்றே எழுதுகிறேன்.

*

தொடக்கம் 1971இல். கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய 'செயின்மெயில்' இடைக்காலப் போர்களைப் பொம்மை வீரர்களை வைத்து ஆடுவதற்கான விதிநூல். அதன் பின்னிணைப்பாகக் கற்பனை உயிரினங்களுக்கான பகுதி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. அதில் பேருருவன் வருகிறான். அவனுடைய முக்கியமான பயன்பாடு, நடமாடும் சிறு கவண்பொறியாக இயங்குவது. கோட்டை முற்றுகையில் கல்லெறியும் பொறிக்கு என்ன விதியோ ஏறத்தாழ அதே விதி அவனுக்கு. அவனுக்குப் பெயரில்லை, குலமில்லை, ஊரில்லை. கால் முளைத்த போர்க்கருவி, அவ்வளவுதான். அதன் பின் வந்த பதிப்புகள் அனைத்திலும் பேருருவர்கள் பாறையை எறிந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தப் பாறை செயின்மெயிலின் முற்றுகைக் களத்திலிருந்து பறந்து வருவது.

1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக விளையாட்டை வெளியிட்டார்கள். முதல் அச்சு 1,000 பிரதிகள். அதில் பேருருவர் ஐந்து வகையாகப் பிரிகிறார்கள்: குன்று, கல், உறைபனி, தீ, முகில். அடுத்த ஆண்டு 'கிரேஹாக்' துணைநூல் ஆறாவதாகப் புயல் பேருருவரைச் சேர்த்தது. உறைபனியும் தீயும் வடபுலத்துப் புராணத்தின் சொத்து. ஆனால் புராணத்தை விடவும் அண்மையான வழி ஒன்று உண்டு. டி காம்ப், ஃப்ளெட்சர் பிராட் இருவரும் 1940இல் எழுதிய 'தி ரோரிங் ட்ரம்பெட்' குறுநாவலில் ஒரு நவீன அமெரிக்கர் அந்தப் புராண உலகுக்குள் சென்று தீப்பேருருவர்களிடம் மாட்டிக்கொள்கிறார். அந்த வரிசைக் கதைகளைத் தனக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் ஒன்றாக கைகாக்ஸ் 1979இல் பட்டியலிட்டார். குன்றும் கல்லும் முகிலும் புயலும் அவ்விரண்டையும் சுற்றி அமைக்கப்பட்ட படிகள் என்று கொள்ளலாம்.

படிகள் என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன். 1977இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் அந்த அமைப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. குன்றுப் பேருருவனின் ஓர் அடிக்கு 2 முதல் 16 வரை சேதம். கல்லுக்கு 3 முதல் 18, உறைபனிக்கு 4 முதல் 24, தீக்கு 5 முதல் 30, முகிலுக்கு 6 முதல் 36, புயலுக்கு 7 முதல் 42. பள்ளிக்கூட வாய்ப்பாடு போன்ற ஒழுங்கு. இவ்வளவு சீராக இயற்கை எதையும் படைப்பதில்லை, புராணமும் படைப்பதில்லை. வலிமை கூடிக்கொண்டே போகும் வீரர்களுக்கு, ஏறிச் செல்ல ஓர் ஏணி தேவைப்பட்டது. அந்த ஏணியின் ஆறு படிகளுக்கு ஆறு பெயர்கள்.

குணமும் அதே அட்டவணையில் ஒரு கட்டமாக இருந்தது. குன்றும் உறைபனியும் ஒழுங்கற்ற தீயவர்கள், தீ, ஒழுங்குள்ள தீயவர், கல், நடுநிலை, முகிலில் பாதி நல்லவர், பாதி தீயவர், புயல் நல்லவர். கீழ்ப்படியில் தீமையும் மேல்படியில் நன்மையும் வந்து அமர்ந்தது திட்டமிட்டதா தற்செயலா என்பது முக்கியமில்லை. வந்து அமர்ந்துவிட்டது.

*

1978இல் கைகாக்ஸ் மூன்று சாகசத் தொகுப்புகளை எழுதினார். முதலில் குன்றுப் பேருருவத் தலைவன் நாஸ்ன்ராவின் மரக்கோட்டை, அடுத்து உறைபனிப் பேருருவரின் பனிப்பிளவு, கடைசியில் தீப்பேருருவ அரசன் ஸ்னர்ரேயின் எரிமலை மண்டபம். அவ்வாண்டு 'ஆரிஜின்ஸ்' மாநாட்டில் போட்டியாக ஆடப்பட்டவை அவை. 1981இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன. இவ்விளையாட்டின் வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற சாகசங்களில் இவற்றுக்கு இடமுண்டு.

கதையின் தொடக்கம் எளிது. பேருருவர்கள் மனிதக் குடியிருப்புகளைச் சூறையாடுகிறார்கள். பிரபுக்கள் ஒரு வீரர் குழுவை அனுப்புகிறார்கள். பாடம் புகட்டாமல் திரும்பினால் தலை வெட்டுமரத்தில். கொள்ளையடித்த செல்வம் அனைத்தும் வீரர்களுக்கே. ஏன் பேருருவர்கள் திடீரென ஒன்றுசேர்ந்தார்கள் என்ற கேள்விக்கு மூன்றாம் தொகுப்பில்தான் விடை வருகிறது: பின்னணியில் இருந்து இயக்குபவர்கள் டிரோ எனப்படும் நிலத்தடிக் கரும் எல்ஃப்கள்.

ஆனால் கைகாக்ஸ் வரைந்த கோட்டையின் வரைபடத்தை நிதானமாகப் பார்ப்பவருக்கு வேறொன்று தெரியும். பெருங்கூடத்தில் விருந்து நடக்கிறது. தலைவனின் மனைவி இருக்கிறாள். பிற குலத்துப் பேருருவர்கள் விருந்தினராக வந்திருக்கிறார்கள். சமையலறை இருக்கிறது, பணிப்பெண்களின் அறை இருக்கிறது, இளம் பேருருவர்கள் உறங்கும் அறை இருக்கிறது. நிலவறையில் அடிமைப்பட்ட ஓர்க்குகள் கலகம் செய்துகொண்டிருக்கிறார்கள். கவண்பொறிக்கு வீடு கட்டினால் வீட்டில் குழந்தைகள் வந்துவிடுவார்கள் என்பது கட்டுமானத்தின் தர்க்கம். போர்விதி எழுதியவர் மரக்கோட்டை ஒன்றை நம்பும்படி வரையப்போய், தன்னையறியாமல் ஒரு சமூகத்தை வரைந்துவிட்டார்.

அங்கிருந்துதான் சங்கடம் பிறக்கிறது. அந்த இளையவர்கள் உறங்கும் அறைக் கதவைத் திறக்கும் வீரர்கள் என்ன செய்ய வேண்டும்? விதிநூல் அவர்களுக்கும் எண் தந்திருக்கிறது; ஆகவே அவர்களுடனும் போரிடலாம். பிறப்பிலேயே தீயவர் என்று அட்டவணை சொல்லிவிட்டால் கேள்வியே இல்லை. ஆனால் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் மனிதர்கள். ஒரு கற்பனை உலகில் கொல்லத்தக்க குழந்தை என்று ஒன்று இருக்கலாமா என்ற கேள்வி, எதிரிக்கு வீடும் குடும்பமும் வரைந்து காட்டப்பட்ட நாளிலிருந்து இவ்விளையாட்டை விடாமல் பின்தொடர்கிறது. பின்னர் வந்த பதிப்புகளின் மாற்றங்கள் பலவற்றை இக்கேள்விக்கான தயக்கமான பதில்களாகவே நான் வாசிக்கிறேன்.

*

பதில்களுக்கு முன், உயரத்தின் கதை.

1977இல் குன்றுப் பேருருவன் 10½ அடி. புயல் பேருருவன் 21 அடி. 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அவர்கள் ஒரேயடியாக வளர்ந்தார்கள். குன்று 16 அடி, கல் 18, தீ 18, உறைபனி 21, முகில் 24, புயல் 26. அடி தாங்கும் ஆற்றலைக் குறிக்கும் பகடைகளும் குன்றுக்கு 8இலிருந்து 12ஆக உயர்ந்தன. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் துணைநூல்கள் வழியாக வீரர்களின் ஆற்றல் ஏறிக்கொண்டே போயிற்று. 10½ அடி ஆளைக் கண்டு அஞ்சுவதற்கு ஆளில்லை.

2000இல் மூன்றாம் பதிப்பு. இப்போது உரிமையாளர் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம். எல்லா உயிர்களையும் ஒரே கணக்குமுறைக்குள் கொண்டுவந்த பதிப்பு இது. பேருருவர்கள் மீண்டும் 1977இன் உயரத்துக்குச் சுருங்கினார்கள். இங்கே ஒரு சுவையான முரண். உறைபனிப் பேருருவன் 15 அடி உயரம், எடை ஏறத்தாழ 2,800 பவுண்டு. தீப்பேருருவன் அவனைவிட 3 அடி குட்டை. எடையோ 7,000 பவுண்டு! இரண்டாம் பதிப்பில் 18 அடி உயரத்தில் அவன் எடை 7,500. உயரத்தைக் குறைத்த கை எடையைக் குறைக்க மறந்ததுபோல் தோன்றுகிறது. தீப்பேருருவர் குள்ளர் இனத்தைப் போல அகன்ற உடலினர் என்ற சமாதானம் உண்டு. ஆனாலும் கணக்கு உதைக்கிறது.

அந்தக் கணக்கை முதலில் போட்டவர் கலிலியோ. உயரம் இரட்டித்தால் எலும்பின் குறுக்குவெட்டு நான்கு மடங்காகும். எடை எட்டு மடங்காகும். ஆகவே மனித வடிவத்திலேயே பேருருவன் இருக்க முடியாது என்று 1638இல் எழுதினார். ஜே. பி. எஸ். ஹால்டேன் 1926இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் இதையே எடுத்துக்கொண்டு, சிறுவயதில் படநூலில் பார்த்த 60 அடிப் பேருருவன் ஓர் அடி எடுத்து வைத்தாலே தொடையெலும்பு முறிந்துவிடும் என்று காட்டினார். பின்னாளில் இந்தியாவுக்கு வந்து இங்கேயே மறைந்த அதே ஹால்டேன்தான். கணக்குப்படி, 6 அடியும் 180 பவுண்டும் உள்ள மனிதனை 15 அடிக்குப் பெருக்கினால் 2,800 பவுண்டு சொச்சம் வரும். உறைபனிப் பேருருவன் கலிலியோவுக்குக் கட்டுப்பட்டவன். 12 அடிக்குப் பெருக்கினால் 1,440தான் வர வேண்டும். தீப்பேருருவன் அதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கனக்கிறான்.

2014இன் ஐந்தாம் பதிப்பில் அறுவரும் ஒரே அளவுவகைக்குள், 'மிகப்பெரியவர்' என்ற வகைக்குள், வைக்கப்பட்டார்கள். மூன்றாம் பதிப்பில் அந்த இடம் முகிலுக்கும் புயலுக்கும் மட்டுமே கிடைத்திருந்தது. குன்றுப் பேருருவனின் உயிர்ப்புள்ளி 1977இல் சராசரியாக 37, 2014இல் 105. உடல் வளர்ந்து, சுருங்கி, மீண்டும் வளர்ந்திருக்கிறது. அளவு எப்போதும் எதிரே நிற்கும் மனிதனின் அச்சத்துக்கு ஏற்ப வெட்டப்படும் துணி. தொன்மம் வாய்மொழியில் செய்ததையே விதிநூல் பதிப்பு பதிப்பாகச் செய்திருக்கிறது.

*

பேருருவருக்குச் சமயமும் சரித்திரமும் மெல்ல வந்தன. 1980இன் கடவுளர் நூலில் சுர்ட்டரும் த்ரிமும் தீக்கும் உறைபனிக்கும் தெய்வங்களானார்கள். புராணத்தில் த்ரிம், தோரின் சம்மட்டியைத் திருடி ஏமாந்துபோகும் பேருருவ வேந்தன். இங்கே பதவி உயர்வு. 1983இல் ஃபிர்போல்க், ஃபொமோரியன் என அயர்லாந்துப் பெயர்கள் வந்து சேர்ந்தன. ஃபிர்போல்க் என்போர் ஐரிஷ் மரபுக் கதையில் பேருருவர்கள் அல்லர். கடவுளர் குலம் வருமுன் தீவில் வாழ்ந்து, போரில் தோற்ற மக்கள். தோற்ற மக்கள் வென்றவர் நினைவில் வினோத உருவம் கொள்வது எல்லா நாட்டுக் கதைகளிலும் நடப்பதுதான். விளையாட்டில் 10½ அடிப் பேருருவ உறவினராக நுழைந்த அவர்கள், 2016இல் காட்டைக் காக்கும் கூச்ச சுபாவிகளாக, ஆடுபவர் ஏற்கத்தக்க பாத்திரமாக மாறியிருந்தார்கள்.

பெரிய திருப்பம் 1995இல் ரே வின்னிங்கர் எழுதிய 'ஜயன்ட்கிராஃப்ட்'. பேருருவர்களின் தந்தைக்கடவுள் அன்னம்; அவர் மக்கள் ஆண்ட பழம்பேரரசு ஆஸ்டோரியா; அவர்களது வாழ்வை ஆளும் படிநிலை 'ஆர்ட்னிங்'. ஸ்காண்டிநேவிய மொழிகளில் 'ஒழுங்கு' என்று பொருள்படும் சாதாரணச் சொல் அது. ஒவ்வொரு பேருருவனும் தன் குலத்துக்குள் தன் இடம் எது என்று எந்நேரமும் அறிந்திருக்கிறான்.

2008இன் நான்காம் பதிப்பு இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு வேறு கதை சொன்னது. உலகைச் செதுக்க ஆதிப்பூதங்கள் படைத்த டைட்டன்கள், அவர்களின் வழித்தோன்றல்களாகப் பேருருவர்கள், அவர்களிடம் அடிமைப்பட்டுப் பின் விடுதலை பெற்ற குள்ளர்கள். உறுதியான கதைதான். ஆனால் அதன் முதல் உயிரின நூலில் உறைபனிப் பேருருவருக்கே இடமில்லை. அடுத்த ஆண்டு நூலில்தான் வந்தார்கள்.

2014இல் ஆர்ட்னிங் திரும்பியது, புதிய கூர்மையுடன். இப்போது அது குலங்களுக்கு இடையிலான வரிசையாகவே முன்வைக்கப்பட்டது. உச்சியில் புயல், கீழே முறையே முகில், தீ, உறைபனி, கல், குன்று. ஒரு குலத்தில் எவ்வளவு உயர்ந்தாலும் அடுத்த குலத்தின் எல்லையைத் தாண்ட முடியாது. குன்றுப் பேருருவரின் தலைவனும் சாமானியக் கல் பேருருவனுக்குக் கீழ்ப்பட்டவனே. இது அன்னத்தின் கட்டளை.

இந்த வரிசையை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்துவிட்டு, 1977இன் சேத அட்டவணையைக் கீழிருந்து மேலாக வாசியுங்கள். ஓரெழுத்துகூட மாறவில்லை. வீரர்கள் படிப்படியாக ஏறுவதற்காக ஒரு மனிதர் வசதிக்காகப் போட்ட எண்வரிசை, நாற்பது ஆண்டுகளில் கடவுள் வகுத்த பிறப்புவரிசையாகிவிட்டது. இடையில் எவரும் சதி செய்யவில்லை. ஒவ்வொரு எழுத்தாளரும் தமக்கு முன் இருந்த அட்டவணைக்கு ஒரு காரணம் கற்பித்தார்; அடுத்தவர் அந்தக் காரணத்துக்கு ஒரு புராணம் கற்பித்தார். பிறப்பால் மேல்கீழ் என்ற ஏற்பாட்டை நூற்றாண்டுகளாகச் சுமந்துவரும் சமூகத்தைச் சேர்ந்த வாசகருக்கு இந்த வரலாறு வெறும் விளையாட்டுச் செய்தியாகத் தோன்றாது. ஏணி முதலில் வருகிறது. அதை நியாயப்படுத்தும் தெய்வம் பின்னால் வருகிறது.

இதை விளையாட்டின் ஆசிரியர்களும் ஓரளவு உணர்ந்திருக்க வேண்டும். 2016இல் வந்த 'ஸ்டார்ம் கிங்ஸ் தண்டர்' சாகசத்தில் அன்னமே ஆர்ட்னிங்கை உடைத்துவிடுகிறார். மந்தமாகிப்போன மக்களை உலுக்கி எழுப்பவே அப்படிச் செய்கிறார். திடீரெனத் தம் இடம் எதுவென்று தெரியாத குலங்கள் ஒவ்வொன்றும் உச்சியைப் பிடிக்க முயல்கின்றன. தீக்குலத்துப் பிரபு பழைய போர்ப்பதுமை ஒன்றை மீண்டும் பொருத்துகிறான். குன்றுக்குலத் தலைவி கூ, மிகப் பெரியவளே மிக உயர்ந்தவள் என்று புரிந்துகொண்டு, அகப்பட்டதையெல்லாம் உண்டு பருக்கிறாள். நகைப்புக்காக எழுதப்பட்ட பாத்திரம்தான். ஆயினும் காலங்காலமாக அளவைக் கொண்டே மதிப்பிடப்பட்டவள் அளவையே விடுதலை என்று நம்புவதில் ஒரு துயரம் இருக்கிறது.

அதே காலத்து நூல்களில் கல் பேருருவருக்கு வாய்த்த கற்பனையையும் சொல்ல வேண்டும். நிலத்தடியில் கல்லைச் செதுக்கி வாழும் அவர்களுக்கு வானத்தின் கீழுள்ள உலகம் கனவு. கனவில் செய்த செயலுக்குப் பொறுப்பேற்பார் இல்லை; ஆகவே மேலே வந்தால் மென்மையான கலைஞர்கள் கொடியவர்களாகிறார்கள். 'நடுநிலை' என்று ஒற்றைச் சொல்லில் அடைபட்டிருந்த குலத்துக்கு ஒரு தத்துவம் கிடைத்துவிட்டது. தீமையைப் பிறப்பில் தேடாமல் நம்பிக்கையில் தேடும் பார்வை இது.

2023இல் பேருருவர்களுக்கென்றே 'பிக்பி பிரசன்ட்ஸ்: குளோரி ஆஃப் தி ஜயன்ட்ஸ்' என்ற தனிநூல் வந்தது. அதிலுள்ள சில ஓவியங்கள் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு திருத்தப்பட்டவை என்று வாசகர்கள் கண்டுபிடித்தது பெரும் சர்ச்சையாகி, நிறுவனம் ஓவியர்களுக்கான விதிகளை மாற்றியது. 2024இன் திருத்திய விதிநூலில் கோலியத் இனத்தை ஏற்று ஆடுபவர், தம் மூதாதை ஆறு பேருருவக் குலங்களில் எது என்று தேர்ந்துகொள்ளலாம். கவண்பொறியாகத் தொடங்கியவன் ஆடுபவரின் பாட்டனாகியிருக்கிறான்.

இதில் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். காரணமும் கவலையும் உள்ள பேருருவன் பழைய திகிலைத் தருவதில்லை. இருட்டில் அசையும் மலையைக் கண்டு வரும் நடுக்கம், அந்த மலைக்குக் குடும்ப வரலாறு இருக்கிறது என்று தெரிந்ததும் பாதியாகிவிடுகிறது. ஆனால் கும்பகருணனை நாம் இன்றும் நினைப்பது அவன் உயரத்துக்காக அன்று. செய்வது தவறு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, சொன்ன பிறகும் அவனுக்காகவே போருக்குப் போனதற்காக. அப்படி ஒருவன் அந்த மரக்கோட்டையின் விருந்துக்கூடத்திலும் அமர்ந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் இவ்விளையாட்டுக்கு வர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கதவைத் திறக்கும் வீரர்கள் இனி ஒரு கணம் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கு எந்த அட்டவணையிலும் எண் கிடையாது.